சேட், மேட்: படிகக்காரர்களின் பெயர் விளையாட்டு

கேள்வி: மேடம், நான் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழிதான். அடுத்த மாதம் செமினார் கொடுக்க வேண்டும். ஒரு புரதத்தின் கட்டமைப்பைக் கண்டுபிடித்த கட்டுரையை எடுத்திருக்கிறேன். ‘முதலில் மேட் முறையில் முயன்றோம், படிகம் தாங்கவில்லை, பிறகு சேட் முறையில் கட்டமைப்பு கிடைத்தது’ என்ற பொருளில் அதில் ஒரு வரி வருகிறது. ஆங்கிலத்தில் பைத்தியம், சோகம் என்று பொருள் வரும் இந்தப் பெயர்களை வேண்டுமென்றேதான் வைத்தார்களா? விரித்துப் பார்த்தால் ‘அனாமலஸ்’ என்று வருகிறது. அப்படி என்ன முறை தவறிவிட்டது என்று புரியவில்லை. செமினாரில் இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்குமோ என்று பயமாக இருக்கிறது. இதையே துறையின் கையெழுத்து இதழில் தமிழில் எழுதவும் சொல்லியிருக்கிறார்கள். என்ன சொல் போடுவது?
— ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

சிரிக்கட்டும், விடுங்கள். செமினாரில் முதல் ஐந்து நிமிடத்துக்குள் வகுப்பு ஒருமுறை சிரித்துவிட்டால் மிச்ச நேரம் தூங்காது. எங்கள் துறையில் இந்தப் பெயர்களைச் சொல்லும்போது இப்போது யாரும் சிரிப்பதில்லை. ‘இந்தப் புரதம் சேட்ல வந்துச்சு’, ‘சிக்னல் கம்மியா இருக்கு, மேட் எடுத்துப் பார்க்கலாமா’ என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வோம். சேட் என்றால் நம் ஊரில் அடகுக் கடைதான் ஞாபகத்துக்கு வரும் என்பது வேறு விஷயம்.

முதலில் எழுத்துகளைப் பிரித்துவிடலாம். மேட் என்பது மல்டி-வேவ்லெங்த் அனாமலஸ் டிஃப்ராக்‌ஷன்: ஒரே படிகத்தைப் பல அலைநீளங்களில் படம் எடுப்பது. சேட் என்பதில் முதல் எழுத்து மட்டும் மாறுகிறது: சிங்கிள், அதாவது ஒரே அலைநீளம். கடைசி எழுத்தைச் சிலர் டிஸ்பெர்ஷன் என்றும் விரிப்பார்கள். இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன, இதை வைத்து யாரும் உங்களுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். முதல் எழுத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். கவனம் தேவைப்படுவது நடுவில் இருக்கும் ‘ஏ’ எழுத்துக்குத்தான். பைத்தியம், சோகம் எல்லாம் வெறும் வேடிக்கை. ‘அனாமலஸ்’ என்ற சொல்தான் படிக்கிறவரை உண்மையிலேயே தவறான வழியில் கூட்டிக்கொண்டு போகிறது.

அதற்கு முன் இந்த முறைகள் எதற்கு என்று பார்க்க வேண்டும். படிகத்தின் மேல் எக்ஸ் கதிர் பட்டால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் விழுகின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலை. அந்த அலைகளை எல்லாம் ஃபூரியே முறையில் கூட்டினால் எலக்ட்ரான் எங்கே அடர்ந்திருக்கிறது என்ற வரைபடம் கிடைக்கும், அதில் புரதத்தைப் பொருத்திவிடலாம். ஆனால் கருவி அளந்து கொடுப்பது செறிவை மட்டும்தான். அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வீச்சு வரும். அலை எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கட்டம் பதிவாவதே இல்லை. கச்சேரி கேட்கும் பழக்கம் இருந்தால் இது சுலபமாகப் பிடிபடும். நூறு பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள், ஒவ்வொருவரும் எவ்வளவு வேகத்தில், எவ்வளவு சத்தமாக வாசித்தார் என்று பட்டியல் இருக்கிறது. ஆனால் யாருக்கு எங்கே எடுப்பு, அதாவது தாளத்தில் எந்த இடத்தில் தொடங்குகிறார், என்று தெரியாது. சமத்திலா, அதீதத்திலா, அனாகதத்திலா? எடுப்பு தெரியாமல் அந்தக் கச்சேரியைத் திரும்ப எழுப்ப முடியாது. சத்தத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்கூடப் பாட்டு அடையாளம் தெரியும், எடுப்பு எல்லாம் கலைந்துபோனால் இரைச்சல்தான் மிஞ்சும். புரதப் படிகத்திலும் அப்படியேதான்: வீச்சைவிடக் கட்டம்தான் படத்தைத் தீர்மானிக்கிறது. இதற்குத்தான் கட்டப் பிரச்சினை என்று பெயர்.

நம் பாடநூல்கள் ‘ஃபேஸ்’ என்பதற்குக் ‘கட்டம்’ என்ற சொல்லை வைத்திருக்கின்றன. ஜோசியரும் ‘கட்டம் சரியில்லை’ என்கிறார், வரைபடம் குழம்பிக் கிடக்கும்போது நாங்களும் அதையேதான் சொல்கிறோம். கையெழுத்து இதழில் ஒரு சிலேடை வேண்டுமென்றால் ஆங்கிலப் பைத்தியத்தைத் தமிழுக்குக் கடத்துவதை விட இதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே தானாகக் கிடைப்பது.

இப்போது ‘அனாமலஸ்’. இந்தச் சொல் படிகவியலில் பிறந்தது அல்ல, ஒளியியலிலிருந்து வந்தது. கண்ணாடிப் பட்டகம் ஊதாவை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கும் என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். 1870இல் டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன்சன், ஃபுக்‌ஷின் என்ற சாயக் கரைசலில் இந்த வரிசை தலைகீழாவதைக் காட்டினார். சாயம் எந்த நிறத்தை உட்கவர்கிறதோ அந்த நிறத்தின் பக்கத்தில் ஒளிவிலகல் எண் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்கிறது. அன்றைக்குப் புரியாததால் ‘முறை தவறிய நிறப்பிரிகை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது: ஒத்ததிர்வு. பொருளில் உள்ள எலக்ட்ரானுக்கு ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு, வரும் ஒளி அதை நெருங்கினால் எலக்ட்ரான் வேறு விதமாகப் பதில் சொல்கிறது. எல்லாப் பொருளிலும், அதனதன் உட்கவர் பகுதியில், இது நடந்தே தீரும். முறை தவறியது எதுவும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

எக்ஸ் கதிரிலும் இதே கதைதான். சாதாரணமாக அணுவில் உள்ள எலக்ட்ரான்கள் கட்டற்றவை என்பது போலக் கதிரைச் சிதறடிக்கின்றன. கதிரின் ஆற்றல், அணுவின் உள்கூட்டு எலக்ட்ரானைப் பிய்த்து வெளியே தள்ளப் போதுமான அளவை நெருங்கும்போது அந்த எலக்ட்ரான் மட்டும் தன் தாளத்தைக் கொஞ்சம் விலக்கிப் போடுகிறது. செமினாரில் இதற்கு ஒரு சமன்பாடு போதும்: அணுவின் சிதறல் காரணி, எஃப் பூஜ்ஜியம், எஃப் பிரைம், கற்பனை எண்ணோடு சேர்ந்த எஃப் டபுள் பிரைம் ஆகிய மூன்றின் கூட்டல். எஃப் பிரைம் சிதறலின் பலத்தை மாற்றுகிறது. எஃப் டபுள் பிரைம் கட்டத்தை நகர்த்துகிறது. எஃப் டபுள் பிரைம் எந்த அலைநீளத்திலும் முழுதாகப் பூஜ்ஜியம் ஆவதில்லை. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜனுக்கு இந்த இரண்டுமே மிகச் சிறியவை, அதனால் கணக்கில் சேர்ப்பதில்லை. அவ்வளவுதான்.

அந்தச் சின்ன நகர்வால் என்ன பயன்? ஜார்ஜ் ஃபிரீடல் 1913இல் சொன்ன விதியின்படி, படிகத்தில் ஒரே அடுக்குத் தளங்களின் இரண்டு பக்கங்களிலிருந்தும் வரும் புள்ளிகளின் செறிவு சமமாக இருக்க வேண்டும். திசையைத் திருப்பினால் எல்லா அணுக்களின் கட்டமும் குறி மாறும், மொத்த வீச்சு மாறாது. ஆனால் எஃப் டபுள் பிரைம் தரும் நகர்வு திசையைப் பார்த்துக் குறி மாறுவதில்லை, எப்போதும் ஒரே பக்கம்தான். அதனால் அந்த ஜோடி லேசாகச் சமன் குலைகிறது. அந்தச் சிறு வித்தியாசத்துக்குள் கட்டத்தைப் பற்றிய தகவல் ஒளிந்திருக்கிறது.

இதை ஊர் அறியச் செய்தவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்து பைஃபூட். எமில் ஃபிஷர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சர்க்கரை மூலக்கூறுகளுக்கு இடக்கை, வலக்கை வடிவங்களைக் குத்துமதிப்பாக ஒதுக்கியிருந்தார். சரியாக இருக்கப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. 1951இல் பைஃபூட் குழு சோடியம் ருபீடியம் டார்ட்ரேட் படிகத்தில் ஃபிரீடல் ஜோடிகளின் வித்தியாசத்தை அளந்து ஃபிஷரின் ஊகம் சரி என்று காட்டியது. தப்பாக இருந்திருந்தால் கரிம வேதியியல் பாடநூல்களில் அத்தனை படங்களையும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி வரைய வேண்டி வந்திருக்கும். இப்படிச் சமன் குலைந்த ஜோடிக்கு இன்று பைஃபூட் ஜோடி என்றே பெயர். உங்கள் கட்டுரையில் நிச்சயம் வரும்.

இந்த வரலாறு சென்னை வழியாகவும் வருகிறது. செமினாரில் இதைச் சொல்லத் தவறாதீர்கள். 1956இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும் கரண்ட் சயின்ஸ் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். (இந்த ராமன் சி. வி. ராமன் அல்ல. ராமச்சந்திரன் சி. வி. ராமனிடம் படித்தவர் என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். யாராவது கேட்டால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.) கன அணு (இப்படி ஒத்ததிர்வு காட்டும், எலக்ட்ரான் அதிகமுள்ள அணு) எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், பைஃபூட் ஜோடியின் வித்தியாசத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியின் கட்டத்தையும் கணக்கிடலாம் என்பது அவர்கள் சொன்னது. ஒரு சிக்கல் உண்டு: ஒரே அலைநீளத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு விடைகள் வரும். கன அணுவின் கட்டத்துக்கு எது அருகில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழியும் சொன்னார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவில் பெப்பின்ஸ்கியும் ஒகாயாவும் இதே பிரச்சினையை வேறு கணக்கில் அணுகினார்கள். இன்று சேட் என்கிறோமே, அதன் கருவை இங்கே பார்க்கலாம். ராமச்சந்திரன் என்றாலே கொலாஜனும் ராமச்சந்திரன் வரைபடமும்தான் எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டின் வெளிச்சத்தில் இந்த 1956 கட்டுரை கொஞ்சம் மங்கிவிட்டது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அடுத்த ஆண்டே பெங்களூரில் எஸ். ராமசேஷனும் சகாக்களும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் மாங்கனீசின் சிதறலை வெவ்வேறு அலைநீளங்களில் பயன்படுத்திக் கட்டமைப்பு காணும் வேலையை வெளியிட்டார்கள். பள்ளி ஆய்வகத்தில் பியூரெட்டில் நிரப்பியிருப்பீர்களே, அதே ஊதா உப்புதான். அலைநீளத்தை மாற்றிக் கட்டத்தைப் பிடிப்பது என்ற யோசனை இங்கே தெளிவாக இருக்கிறது. அப்படியானால் மேட் ஏன் 1957இலேயே வரவில்லை? அன்றைய எக்ஸ் கதிர்க் குழாயில் நினைத்த அலைநீளத்தை எடுக்க முடியாது. தாமிரம் போட்டால் தாமிரத்தின் அலைநீளம், மாலிப்டினம் போட்டால் அதனுடையது. அணுவின் உட்கவர் விளிம்புக்கு, அதாவது உள்கூட்டு எலக்ட்ரானைப் பிய்க்கும் அந்த ஆற்றலுக்கு, மிக அருகில் குறி வைத்து நிறுத்த வேண்டும் என்றால் அலைநீளத்தைத் திருகித் திருகி மாற்றக்கூடிய ஒளிமூலம் தேவை. அப்படிப்பட்ட ஒளிமூலமான சின்க்ரோட்ரான் வந்து பரவும் வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், யோசனை காத்திருந்தது.

1980இல் ஜெரோம் கார்ல் பல அலைநீளங்களுக்கான கணிதத்தை ஒழுங்குபடுத்தினார். வேய்ன் ஹென்ட்ரிக்சன் அதைப் புரதத்துக்குக் கொண்டுவந்து நடைமுறை முறையாக்கினார். 1980களின் இறுதியில் மேட் வழியாக முதல் புரதங்கள் வரத் தொடங்கின. வெள்ளரியிலிருந்து எடுத்த ஒரு நீலநிறத் தாமிரப் புரதமும் அவற்றில் ஒன்று. ஆனால் எல்லாப் புரதத்திலும் தாமிரமோ இரும்போ இருக்காது. அதற்கு 1990இல் ஹென்ட்ரிக்சன், ஹார்ட்டன், லெமாஸ்டர் மூவரும் சொன்ன வழிதான் எல்லோருக்கும் கதவைத் திறந்தது. மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தில் ஒரு கந்தக அணு இருக்கிறது. அதன் இடத்தில் செலீனியம் வைத்த மெத்தியோனைனைப் பாக்டீரியாவுக்குக் கொடுத்தால், அது மறுபேச்சு பேசாமல் புரதத்தில் அதைச் சேர்த்துக் கட்டிவிடும். கந்தகத்தின் அணு எண் 16, செலீனியத்தின் அணு எண் 34. செலீனியத்தின் உட்கவர் விளிம்பு 0.979 ஆங்ஸ்ட்ராம், சின்க்ரோட்ரானுக்கு மிகவும் தோதான இடம். அதன் பிறகு மேட் அடுத்த பத்து ஆண்டுகளுக்குக் கொடிகட்டிப் பறந்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், செல்லில் புரதம் கட்டும் ரைபோசோமின் 30எஸ் பகுதியை 2000இல் வெளிக்கொண்டு வந்தபோது கட்டம் கொடுத்ததும் கன உலோகங்களின் இதே வகைச் சிதறல்தான். அவற்றில் ஆஸ்மியம் முக்கியமானது.

முதல் எழுத்தின் வேடிக்கையைச் சொல்கிறேன் என்றேனே. பெயர்களில் மேட்தான் மூத்தது. எம், ஏ, டி என்று எழுத்துகள் தாமாக அமைந்து ஒரு சொல்லாகிவிட்டதும் அதைக் கொண்டாடினார்கள். ஒற்றை அலைநீளத்துக்கு எம் எடுத்து எஸ் போட்டால் சோகம் வருகிறது என்று தெரிந்ததும் அதையும் விடவில்லை. ஆனால் வேலையாகப் பார்த்தால் சேட்தான் மூத்தது. 1981இலேயே ஹென்ட்ரிக்சனும் மார்த்தா டீட்டரும் கிராம்பின் என்ற குட்டிப் புரதத்தை, 46 அமினோ அமிலங்கள், ஆறு கந்தக அணுக்கள், ஆய்வகத்துத் தாமிரக் கதிர், ஒரே அலைநீளம் என்று வைத்துக்கொண்டு தீர்த்துவிட்டார்கள். கந்தகத்தின் வித்தியாசம் ஒன்று, ஒன்றரை சதவீதம்தான், அதைப் பிடிக்க அளவீடு அபாரமாக இருக்க வேண்டும். அன்றைக்கு அதை யாரும் சேட் என்று சொல்லவில்லை. பெயர் பல ஆண்டுகள் கழித்துத்தான், மேட்டுக்குத் தம்பி போல வந்து சேர்ந்தது.

இந்த ஜோடியோடு நிற்கவில்லை. உங்கள் கட்டுரையில் ‘படிகம் தாங்கவில்லை’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்கும் ஒரு பெயர் உண்டு. சின்க்ரோட்ரான் கதிர் படிகத்தைச் சுட்டுவிடும். 100 கெல்வினுக்குக் குளிர்வித்து வைத்தாலும் கதிர் படப்பட இரு கந்தகங்கள் சேர்ந்த பிணைப்புகள் அறுகின்றன, கன அணுக்கள் இடம் விட்டு நகர்கின்றன. மேட்டுக்கு மூன்று முழு அளவீட்டுத் தொகுதிகள் எடுக்க வேண்டும் என்றால் மூன்றாவதை எடுக்கும் நேரத்தில் இருப்பது முதலில் இருந்த படிகமே அல்ல. இதைத் தொல்லை என்று பார்க்காமல், சேதத்துக்கு முன், சேதத்துக்குப் பின் என்ற வித்தியாசத்தையே கட்டம் காணப் பயன்படுத்தலாம் என்று ராவெல்லியும் சகாக்களும் 2003இல் காட்டினார்கள். கதிர்ச் சேதத்தால் கட்டம் காணல் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் ஆர், ஐ, பி. கல்லறையில் பொறிக்கும் அதே மூன்று எழுத்து. செத்த படிகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வைக்க முடியாது. மூன்று பெயர்களில் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இங்கே மட்டும்தான் சிரிப்பும் இயற்பியலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. சோகத்துக்கும் ஒற்றை அலைநீளத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மென்பொருள்களிலும் இந்தக் குசும்பு உண்டு. செலீனியம் எங்கே இருக்கிறது என்று தேட உதவும் ஒரு நிரலுக்கு, அமெரிக்கச் சமையலறைகளில் கோழித் துண்டுகளைத் தூளோடு குலுக்கி அடுப்பில் வைக்கும் ஒரு பொருளின் பெயரை ஒட்டி ‘ஷேக் அண்ட் பேக்’ என்று வைத்தார்கள். ஹெர்பர்ட் ஹாப்ட்மன் இருந்த பஃபலோ குழுவின் வேலை அது. கட்டங்களைக் குலுக்குவது, பிறகு வரைபடத்தைப் பக்குவப்படுத்துவது என்று மாறி மாறிச் செய்வதால் பெயர் பொருந்தவும் செய்கிறது. வரைபடத்தில் புரதத்தைப் பொருத்தும் ‘கூட்’ என்ற நிரலின் பெயர் ஒரு நீர்ப்பறவை, நம் குளங்களில் நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நீந்தும் நாமக்கோழி. திருநெல்வேலிப் பக்கத்துக் குளங்களிலேயே பார்த்திருப்பீர்கள்.

சரி, செமினாருக்கு வருவோம். கேட்பவர்கள் முதலில் கேட்கப் போவது இதைத்தான்: ஒரே அலைநீளத்தில் இரண்டு விடை வரும் என்றால் சேட் எப்படி வேலை செய்கிறது? கன அணுவுக்கு அருகில் உள்ளதை எடு என்ற 1956 வழி சிறு மூலக்கூறுகளுக்குச் சரி, பெரிய புரதத்துக்குப் போதாது. 1985இல் பி. சி. வாங் சொன்ன உத்திதான் கை கொடுத்தது. புரதப் படிகத்தில் ஏறக்குறையப் பாதி இடம் நீர்தான், அங்கே எலக்ட்ரான் அடர்த்தி சமதளமாக இருக்க வேண்டும். அந்தப் பகுதியைச் சமமாக்கிவிட்டு, அதற்கு ஒத்துவரும் கட்டத்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துக்கொண்டே போகலாம். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் இரட்டை விடைச் சிக்கல் கரைந்துவிடும். உணரிகள் துல்லியமாகின, கணக்கு முறைகள் முன்னேறின. மூன்று தொகுதிகள் எடுத்துப் படிகத்தைச் சாகடிப்பதைவிட ஒரே தொகுதியை நன்றாக, பல மடங்கு திரும்பத் திரும்ப அளந்து எடுப்பது லாபம் என்று ஆகிவிட்டது. உங்கள் கட்டுரையில் நடந்ததும் இதுதான். சேட் என்பது மேட்டில் தோற்றவர்கள் போகும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்று பெரும்பாலும் அதுதான் முதல் தேர்வு.

இன்னொரு கேள்வியும் வரும்: புரத வடிவத்தைக் கணினியில் ஊகிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு? 2021க்குப் பிறகு, கணினி ஊகித்த மாதிரியையே தொடக்கமாக வைத்துக் கட்டம் காண்பது மிகவும் பெருகிவிட்டது. சேட் தேவைப்படும் இடங்கள் குறைந்திருப்பது உண்மை. அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஊக மாதிரியிலிருந்து வரும் கட்டம் அந்த மாதிரியின் பக்கம் சாயும், மாதிரியில் இருக்கும் தவறு வரைபடத்திலும் சரி போலத் தெரியும். சேட் தரும் கட்டம் அளவீட்டிலிருந்து வருவது, முன்முடிவு இல்லாதது. அதோடு, ஒரு புரதத்தில் உட்கார்ந்திருக்கும் உலோகம் துத்தநாகமா இரும்பா என்ற கேள்விக்கு விளிம்பின் இரு பக்கமும் படம் எடுத்துப் பார்ப்பதுதான் இன்றும் நம்பகமான வழி. இந்த இரண்டு காரணமும் போதும், நீட்ட வேண்டாம்.

கையெழுத்து இதழுக்கான சொற்கள். மேட், சேட் இரண்டையும் தமிழ் எழுத்தில் அப்படியே விடுங்கள். பக்கத்தில் பைத்தியம், சோகம் என்று போட்டால் வாசகர் அதை விளக்கம் என்று எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் அப்படியும் ஒலிக்கும் என்று கட்டுரைக்குள் ஒரு வரி சொன்னால் போதும். விரிவாக்கத்துக்குப் ‘பல அலைநீள’, ‘ஒற்றை அலைநீள’ என்பது சரியாக வரும். அனாமலஸ் என்பதற்கு அகராதியைப் பார்த்து முறையற்ற, ஒழுங்கற்ற என்று எழுதாதீர்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய குழப்பத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? ஆங்கிலத்திலேயே இப்போது பலர் ஒத்ததிர்வுச் சிதறல் என்ற பொருள் வரும் சொல்லுக்கு மாறிவிட்டார்கள். தமிழில் முதல்முறை எழுதும்போதே ‘ஒத்ததிர்வுச் சிதறல்’ என்று எழுதிவிடலாம். ஒரு சின்ன எச்சரிக்கை: டிஃப்ராக்‌ஷனுக்கு நம் பாடநூலில் ‘விளிம்பு விளைவு’ என்று இருக்கிறது. நீங்கள் உட்கவர் விளிம்பு பற்றியும் எழுத வேண்டி வரும். இரண்டு விளிம்பும் ஒரே பத்தியில் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். உட்கவர் விளிம்பை ‘உட்கவர் எல்லை’ என்று மாற்றிவிடுங்கள்.

படம் போட இடம் கொடுப்பார்கள் என்றால் ஹார்க்கர் வட்டங்களைப் போடுங்கள். டேவிட் ஹார்க்கர் இதைக் கொடுத்ததும் 1956தான். ராமச்சந்திரனோடு கொலாஜன் வேலை செய்த கோபிநாத் கர்த்தா பிறகு ஹார்க்கரிடம்தான் போய்ச் சேர்ந்து ரைபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தின் கட்டமைப்பை 1967இல் வெளியிட்டார். பைஃபூட் ஜோடியின் இரண்டு புள்ளிகளுக்கும் ஆளுக்கொரு வட்டம், மையங்கள் லேசாக விலகி இருக்கும், வட்டங்கள் இரண்டு இடத்தில் வெட்டும். சேட்டின் இரட்டை விடை அந்த இரண்டு வெட்டுகள்தான். இன்னொரு அலைநீளத்துக்கு மூன்றாவது வட்டம் வரைந்தால் அது ஒரு வெட்டின் வழியாக மட்டும் போகும், அது மேட். காம்பஸ் இருந்தால் போதும். மூன்றாவது வட்டத்தை வேறு நிற மையில் போடுங்கள், விளக்கம் எழுதவே தேவைப்படாது.